கோல்கீப்பரின் மீசை

மேவிஸுக்கு ஏழு வயதிருக்கும்போது, அண்ணன் நார்மனின் கால்பந்து அட்டை ஒன்றில் கோல்கீப்பருக்கு நீலப் பேனாவால் மீசை வரைந்தாள். அப்பாவைப் போல இருக்கட்டும் என்று ஆசையாகத்தான் வரைந்தாள். பபிள்கம் பாக்கெட்டோடு வந்த அட்டை. நார்மன் அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். சுண்டுவிரல் அதன்பிறகு நேராகவே இல்லை.

அந்தக் கோல்கீப்பர் மறு வருஷமே காய்ச்சலில் செத்துப்போனார். அட்டை அச்சாவதும் நின்றது. அவர்கள் ஊரான பர்ன்லியில் பையன்கள் கையிலிருந்ததைச் சைக்கிள் கம்பியில் செருகிச் சடசடக்க விட்டே தீர்த்துவிட்டார்கள். வளர்ந்தபின் நார்மன் கறையோ மடிப்போ இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தான். வருஷா வருஷம் ஏறி, அதன் விலை ஒரு புதுக் காரின் விலைக்கு வந்து நின்றது.

இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. டோரீனின் கடையில் மேவிஸ் மீனும் சிப்ஸும் பொரித்த சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நார்மன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏய் எண்ணெய்க்காரி, கிட்ட வராத. உன் மூச்சுப் பட்டாலே விலை குறைஞ்சிரும்."

"கதவுகிட்டதானேண்ணா நிக்கிறேன்."

"நான் செத்தா இது உனக்குத்தான். வித்துட்டு மோர்கம்ப்ல கடலைப் பார்த்த மாதிரி ரூம் எடுத்துக்க. அதுவரைக்கும் என் மூத்திரப் பாத்திரத்தை ஒழுங்காக் கழுவு."

அவன் படுக்கையில் கிடந்த வருஷமெல்லாம் கழுவினாள். கழுவும்போதெல்லாம் கடலை நினைத்துக்கொண்டாள்.

சாவதற்குச் சில நாள் முன்பு நார்மன் அட்டையைப் பழுப்புத் தாளில் சுற்றி ஒட்டி அவளிடம் நீட்டினான். "பெர்சிதான் பிரிக்கணும். நீ தொட்டுக் கெடுத்துராத." சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவளைப் பார்த்து அவன் அப்படிச் சிரித்ததே இல்லை. அவளுக்கு மனம் இளகிப்போயிற்று.

அடக்கம் முடிந்ததும் கடை வேலையை விட்டாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, மார்க்கெட்டில் பழைய அட்டை வாங்கி விற்கும் பெர்சியிடம் எடுத்துப்போனாள்.

பெர்சி தாளைக் கத்தியால் கீறினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரும்மா பண்ணினது இதை?"

கோல்கீப்பரின் மூக்குக்குக் கீழே நீலப் பேனாவில் மீசை. நடுங்கும் கையால் இழுத்த கோடு. மை புதிது.

"போன மாசம் வீட்டுக்கு வந்தப்பக்கூடப் பார்த்தேன், பளிச்சுனு இருந்துச்சே" என்றார் பெர்சி. "இனிமே இது சைக்கிள்ல செருகத்தான் ஆகும்."

மேவிஸ் கையுறையைக் கழற்றினாள். வெறும் விரலை முதல்முறையாக அந்த முகத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். மீசை போகவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. டோரீன் கடையில் வரிசை தெருவரைக்கும் நின்றது.

"என்னடி மகாராணி, கடலுக்குப் போகலையா?" என்றாள் டோரீன்.

"கூட்டமா இருக்குல்ல" என்று மேவிஸ் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்தாள்.

"அது புதுப் பொண்ணோடது, வை. வேணும்னா பின்னாடி போய் உருளைக்கிழங்கு சீவு."

மேவிஸ் ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.