தோட்டத்து ஷெட்டில் விழுந்த அடி

பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்த்த அவளை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை பஸ்ஸைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி சறுக்கி, மெக்கானிக் ஒருவரின் கால் வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டபோது, யாரையும் எதிர்பார்க்காமல் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி நின்றவள் அவள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் வாயைத் திறப்பதற்குள் கை முந்திவிடும். அசிங்கமாகப் பேசிய கண்டக்டர் ஒருவனை அறைந்து சஸ்பெண்ட் ஆனதும் உண்டு. கல்யாணம் என்று பேச்செடுத்தாலே, "எங்கிட்ட மாட்டுறவன் பாவம்" என்று சிரித்துவிடுவாள்.

அவளுடைய ஒரே தங்கை தையல்காரி. லோடு வண்டி ஓட்டும் புருஷன் அடித்த அடியில் ஒரு கன்னம் வீங்கி, தையல் மெஷினோடு அக்கா வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். மெஷின் போட வேண்டிய பின்னறையில் பெயின்ட் டப்பா, உரச் சாக்கு, மண்வெட்டி என்று சாமான்கள் குவிந்து கிடந்தன.

"எல்லாத்தையும் தோட்டத்து ஷெட்டுக்கு மாத்திரலாம். தரையில போட்டா கரையான் அரிச்சிரும். சுவரோட தட்டு அடிச்சிருவோம்" என்றாள் ஜாக்கி.

விடுமுறை நாளில் காலையிலேயே வேலையை ஆரம்பித்தார்கள். தட்டுகளைத் தாங்கும் நிலைச்சட்டங்களைச் சுவரோடு சேர்த்து முடுக்கியாயிற்று. கீழ்த்தட்டும் ஏறிவிட்டது. ஜாக்கி ஏணியில் நின்று மேல்தட்டுப் பலகையைத் தோளில் தாங்கி ஸ்க்ரூ இறக்கிக்கொண்டிருந்தாள். டிரில்லிங் மெஷின் சத்தத்தில் பின்கேட்டு திறந்தது கேட்கவில்லை.

தங்கையின் புருஷன் கையில் வீல் ஸ்பேனரோடு ஷெட் வாசலில் நின்றான்.

"கெளம்பு வீட்டுக்கு."

"வரமாட்டா. போயிரு" என்றாள் ஜாக்கி, ஏணியிலிருந்தபடியே.

அவன் ஏணியை எட்டி உதைத்தான். பலகையோடு சேர்ந்து தரையில் விழுந்தவள் எழுந்திருக்குமுன் ஸ்பேனர் அவளுடைய இடது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த நொடி அவன் தங்கையின் தலைமுடியைப் பிடித்துச் சுழற்றி, அவள் நெற்றியை நிலைச்சட்டத்தில் மோதினான். இன்னொரு முறை மோதினான். புது மரத்தில் ரத்தம் வழிந்தது.

அறுத்துப்போட்ட சட்டத்துண்டு ஒன்று ஜாக்கியின் வலது கைக்கு எட்டியது. படுத்த வாக்கிலேயே அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். அலறிக்கொண்டு சரிந்தான். ஸ்பேனர் தெறித்து, ஏற்கெனவே கொண்டுவந்து போட்டிருந்த உரச் சாக்குகளுக்குப் பின்னால் போனது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவள் எழுந்தாள். தோளில் அடித்தாள். "வேணாம்" என்று அவன் தூக்கிய கையிலேயே அடித்தாள். முகத்தில் அடித்தாள். அவன் தவழ்ந்து வாசலை நோக்கி நகர, சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து மறுபடி அடித்தாள். ஒடிந்த கை வலிக்கவே இல்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

"விடுக்கா! செத்துருவான்! அக்கா!" தங்கை பின்னாலிருந்து அவள் தோளைப் பற்றினாள்.

ஜாக்கி ஓங்கிய கட்டையோடு திரும்பினாள். தங்கை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள். புருஷன் கை ஓங்கும்போது ஒடுங்கிப் பழகிய மாதிரியே.

கட்டை கீழே விழுந்தது.

பக்கத்து வீட்டு வாத்தியார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவன் பிழைத்தான். ஒரு கண் போயிற்று. முழங்கால் மடங்கவில்லை. போலீஸ் அவன்மேலும் ஜாக்கிமேலும் வழக்குப் போட்டது.

ஜாமீனில் வந்த ஜாக்கி, மாவுக்கட்டுக் கையோடு ஷெட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலை பாதியில் நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது. நெற்றியில் தையலோடு தங்கை ஏணியில் ஏறினாள்.

"ரசமட்டத்துல குமிழி நடுவுல இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப முடுக்கு." ஸ்க்ரூ பாதி இறங்கும்போது ஜாக்கி மெல்லச் சொன்னாள்: "அவன் எந்திரிச்சு மறுபடி அடிக்க வந்தான்னு நீ சொன்னா நான் தப்பிச்சிருவேன்னு வக்கீல் சொல்றாரு."

தங்கை டிரில்லிங் மெஷினை நிறுத்தினாள். "அவன் எந்திரிக்கலையேக்கா."

"உனக்காகத்தானடி அடிச்சேன்!"

"மொத அடி எனக்காக. மிச்சமெல்லாம் யாருக்கு? எனக்குப் பயமாயிருச்சு. அவனைப் பாத்து இல்ல."

ஜாக்கிக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஏணிமேல் தங்கை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அதைப் பார்த்த ஜாக்கி தோட்டத்துக்குப் போய், கிணற்றடியில் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

"பாத்ததைச் சொல்லு" என்றாள். "ஒண்ணையும் கூட்டாத, குறைக்காத."

தங்கை கோர்ட்டில் அப்படியே சொன்னாள், அழுதுகொண்டே. ஆயுதத்தோடு புகுந்து தாக்கிய அவனுக்குப் பல வருஷம் ஜெயில். விழுந்தவனை அடித்த ஜாக்கிக்குச் சில மாதம்.

தங்கை பார்க்க வரும்போதெல்லாம் தைக்க வந்த துணிகளைப் பற்றியே பேசுவாள். ஒருநாள் ஜாக்கியின் கன்னத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது.

"என்னக்கா இது?"

"தண்ணி வரிசையில ஒருத்தி அறைஞ்சிட்டா."

"நீ என்ன பண்ணே?"

"திருப்பி அடிக்காம பக்கெட்டைத் தூக்கிட்டு வந்துட்டேன். ஆனா அப்போலருந்து சரியா தூக்கமே வரலைடி."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். காவலுக்கு நின்ற பெண் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள். ஜாக்கிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவளும் சேர்ந்து சிரித்தாள்.