மே மாதத்தில் வைத்த தீ

என் தங்கச்சி ஓர்லீனா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அமெரிக்காவில், தெற்கு ஜார்ஜியாவில் அப்பா விட்டுப்போன பைன் காட்டில் எங்களுக்கு ஆளுக்குப் பாதி.

அவள் பாதியில் ஒரு கிழட்டுப் பைன். அதன் பொந்தில் ஒரு ஜோடி மரங்கொத்தி. எங்கள் காட்டில் மிஞ்சிய கடைசி ஜோடி அதுதான். கீழே முளைக்கும் ஓக் கன்றுகள் பொந்துவரை வளர்ந்துவிட்டால் பறவைகள் வீட்டைக் காலி செய்துவிடும். அடியில் மண்டும் புதரை ஒழிக்க, எங்கள் ஊரில் எல்லோரும் ஜனவரியில்தான் காட்டுக்குத் தீ வைப்போம். அவளும் மூன்று ஜனவரி வைத்துப் பார்த்தாள். வசந்தம் வந்ததும் ஓக் வேரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்தது.

"அண்ணே, இந்தத் தடவை மே மாசம் வைக்கப் போறேன். வேர்ச்சத்தெல்லாம் இலைக்கு ஏறினப்புறம் சுட்டாத்தான் அது ஓயும்" என்றாள்.

மே மாதம் பொந்தில் குஞ்சு இருக்கும். பாம்பு ஏறாமலிருக்க மரங்கொத்தி பட்டையைக் கொத்திப் பிசினை வடியவிட்டிருக்கும். பொறி பட்டால் மரமே திரிதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூளை கழன்றுவிட்டதா என்று கத்தினேன். அவளோ இரண்டு நாள் வாரியும் கையுமாக, மரத்தைச் சுற்றிப் பத்தடிக்கு வெறும் மண் தெரியச் சருகை வாரினாள். நான் வேலியில் சாய்ந்து அவித்த கடலை தின்றபடி, காட்டுக்கு முடி வெட்டுகிறாயா என்று கிண்டல் செய்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வனத்துறையிடம் அனுமதி வாங்கி, காற்றுக்கு எதிராகத் தீ வைத்தாள். முழங்கால் உயரத்துக்கு ஊர்ந்து வந்து, வாரிய ஓரத்தில் அடங்கியது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பிவிட்டது. ஒரு பொறி பிசினில் ஒட்டி, தீ மரத்தில் ஏறத் தொடங்கியது. எனக்கு வேலி தாண்டக் கால் வரவில்லை. அவள் முதுகில் தண்ணீர்த் தெளிப்பானோடு அந்த வெறும் மண்ணில் நின்று, அணையும்வரை பீய்ச்சினாள். கொஞ்ச நேரத்தில் தாய்ப்பறவை பூச்சியோடு பொந்துக்குத் திரும்பியது.

"பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன. பயந்துக்கிட்டே செய்யலாம்ணே."

ஓக் அந்த வருஷம் தலைதூக்கவில்லை. இலையுதிர் காலத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பைன்களுக்கு அடியில் படர்ந்திருக்கும் கம்பிப்புல் இடுப்பளவு கதிர்விட்டு நின்றது. உள்ளே காடைக் கூட்டம் மேய்ந்தது. அறுபத்திரண்டு வருஷம் அந்தப் புல்லை மிதித்தவன் நான். அதில் கதிரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜனவரித் தீக்கு அது கதிர் விடாதாம். நாங்களோ மலட்டுப்புல் என்று பேர் வைத்திருந்தோம்.

இந்த மே மாதம் என் பாதிக்கு நான் தீ வைக்கிறேன். வாரி அவளுடையது. வேலியில் சாய்ந்து கடலை தின்றுகொண்டு பார்க்கிறாள். கிண்டல் மட்டும் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.