ராயப்பன் பார்த்த விரிசல்

சேலத்தில் பாட்டரி ரேடியோக்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ராயப்பன், ஐம்பதுகளின் கடைசியில் நிலத்தடி நீர் தேடும் சர்க்கார் வேலையில் சேர்ந்தார். வேலை இதுதான்: பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, பூமி அதை எவ்வளவு தடுக்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். இறுகிய பாறை நன்றாகத் தடுக்கும். பாறையில் விரிசல் விட்டு, அதில் தண்ணீர் நின்றால் தடை குறைந்துவிடும். சேலம் ஜில்லாப் பாறைகள் பெரும்பாலும் நன்றாகவே தடுத்தன. அதனால் ராயப்பன் ஊர் ஊராகப் போய் 'இல்லை' என்று சொல்லிவந்தார். போன இடத்தில் எல்லாம் வரும்போது மோர் கொடுத்தார்கள். திரும்பும்போது கொடுத்ததில்லை.

ஒரு கோடையில் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நாச்சிமுத்துவின் வெள்ளாமைக் காட்டில் சோதனைக்காக ஒரு ஆழ்துளைப் போர் போட்டார்கள். தண்ணீர் வரவில்லை, கல்மாவுதான் வந்தது. மெஷினை ஏற்றிக்கொண்டு மற்றவர்கள் போய்விட, துளைக்குள் அளந்து பார்க்க ராயப்பன் வந்தார். மரப்பெட்டியில் மீட்டர், பாட்டரிகள், நீளமான ஒயரின் நுனியில் ஈயக்குண்டு. குண்டைத் துளைக்குள் இறக்கினால், அந்தந்த ஆழத்துப் பாறையின் தடை மேலே தெரியும். ஆனால் குண்டுக்கும் பாறைக்கும் இடையே தண்ணீர் இருந்தால்தான் மின்சாரம் பாயும்.

"துளை நெறையத் தண்ணி ஊத்தணும்" என்றார் ராயப்பன்.

நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, தண்ணி இருக்குதான்னு பாக்கறதுக்குத் தண்ணி ஊத்தோணுமுங்களா?"

"ஆமாங்க."

"ஊத்தற அளவுக்குத் தண்ணி இருந்தா நாங்க எதுக்குங்க போர் போடறோம்?"

ராயப்பனிடம் இதே கேள்வியை மற்ற ஊர்களிலும் கேட்டிருந்தார்கள்.

சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருந்தது ஒரே கிணற்றில். வேலிக்கு அந்தப்பக்கம் அப்புசாமியின் கிணறு. அப்புசாமி நாச்சிமுத்துவின் பங்காளி. அந்த வேலி எங்கே இருக்கவேண்டும் என்பதில் தகராறு வந்து, இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. நாச்சிமுத்துவின் மனைவி ஆத்தாயி புருஷனைக் கேட்கவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு போய் அப்புசாமியிடமே கேட்டாள்.

"எடுத்துக்கோங்க" என்றார் அப்புசாமி. "கல்லுக்குள்ள ஊத்தி என்ன பண்றாங்கன்னு நானும் பாக்கறேன்." வேடிக்கை பார்க்க அவரும் வந்து, வேலிக்குத் தம் பக்கமே நின்றுகொண்டார்.

பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் துளையை நிரப்பினார்கள். ராயப்பன் குண்டை இறக்கினார். மேலே இருந்து வெகுதூரம் மீட்டர் முள் இறுகிய கல்லையே காட்டிக்கொண்டு வந்தது. அடியை நெருங்கும்போது தடை குறைந்து முள் சரிந்தது. பாட்டரி தீர்ந்துவிட்டதோ என்று மாற்றிப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் அதே இடத்தில் சரிந்தது. பாறையில் வாய் திறந்த ஒரு விரிசல்! துளை போடும்போது கல்மாவு அப்பி அதை அடைத்திருக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் அந்த மாவைக் கழுவிவிட்டது.

அப்போதே துளையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இறங்கி, பாதிக்கும் கீழே ஓரிடத்தில் நின்றது. அதற்கப்புறம் அசையவில்லை.

"தண்ணி இருக்குதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

இத்தனை காலத்தில் முதல் தடவையாக 'இருக்கு' என்று சொல்ல ராயப்பன் வாயெடுத்தார். ஆனாலும் தண்ணீர் போய் நின்ற மட்டம் மனத்தை உறுத்தியது. "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

காலையில் அப்புசாமி மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தார். கிணற்று மட்டம் இறங்க இறங்க, போர்த்துளையில் தண்ணீரைத் தொடும்படி ராயப்பன் விட்டிருந்த கயிற்றின் நுனியும் தண்ணீரைவிட்டு மேலே தொங்கியது. இறைப்பு நின்ற கொஞ்ச நேரத்தில் இரண்டிலும் மட்டம் சேர்ந்தாற்போல ஏறியது.

ராயப்பன் இருவரையும் வேலியோரம் கூப்பிட்டார்.

"தண்ணி இருக்குங்க. ஆனா இது அவரு கெணத்துத் தண்ணி. ரெண்டுக்கும் ஒரே விரிசல்தான்."

"என்ர தண்ணியையே கொண்டாந்து ஊத்தி, என்ர கெணத்துக்கே ஓட்டை போட்டுட்டீங்களா?" என்றார் அப்புசாமி. "கரண்ட் வெச்சுக் கல்லைப் பொளந்துபோட்டாருங்க இந்த மனுசன்!"

"கரண்டு பொளக்காதுங்க. விரிசல் முன்னாலேயே இருந்துச்சு" என்றார் ராயப்பன். அடைப்பைத் திறந்தது தாம்தான் என்பதை மறைக்க மனம் வரவில்லை. அதையும் சொன்னார். சொல்லாமலிருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

துளையை மூடச் சொன்னார் அப்புசாமி. ஆயில் இஞ்சின் வைத்து இறைப்பேன் என்றார் நாச்சிமுத்து. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ராயப்பனைப் பார்த்தே கத்தினார்கள். ராயப்பன் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எறைச்சா ரெண்டும் வத்திப்போவுமுங்களா?" என்று ஆத்தாயி நடுவில் கேட்டாள்.

"வத்திரும்."

"அப்ப ஆளுக்கு ஒருநா எறைக்கட்டும். இதுக்கு எதுக்குங்க இத்தனை சத்தம்?" அப்புசாமியின் மனைவி செல்லாயியும் கிணற்று மேட்டிலிருந்து அதையே சொன்னாள். பெண்கள் இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டார்களோ என்னவோ.

ஏற்பாடு நிலைத்தது. இன்றைக்கு யார் முறை என்று கேட்பதற்காகவாவது பங்காளிகள் இருவரும் தினமும் பேச வேண்டியதாயிற்று. பேசினார்கள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். வேலிக்கு இருபக்கமும் நின்று கத்திக்கொண்டார்கள். நாச்சிமுத்துவின் காட்டில் அந்த வருஷம் மரவள்ளி பிழைத்தது.

ராயப்பன் சேலம் திரும்பி, மனைவி வேளாங்கண்ணியிடம் நடந்ததைச் சொன்னார்.

"அப்போ ஒருவழியா 'இருக்கு'ன்னு சொல்லிட்டீங்க?"

"சொல்லிட்டேன்."

"சந்தோஷப்பட்டாங்களா?"

ராயப்பன் யோசித்தார். "இல்ல" என்றார்.

அந்த வாரமே ஓமலூர்ப் பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே அடிவரைக்கும் பாறை. 'இல்லை' என்று சொன்னார். நிலத்துக்காரர் நம்பாமல் வேறு ஆளைக் கூப்பிடப் போனார். ராயப்பனுக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.