ஒப்பிடக் கொண்டுபோன இரத்தம்

ஒஸ்லோவில் இலங்கைக்குச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். அதே நகரத்து ஹவுகெட்டோவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில், தண்ணீரில் ஊறிப்போன சுவர்களை உடைக்கும் வேலை எனக்கு. வடக்குக் கோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டியதைவிடக் குளிர் குறைவு என்றுதான் வந்தேன். மூன்றாம் மாதம் இருமல் பிடித்தது. சுவரில் இருந்த பூஞ்சணம்தான் காரணம் என்று டொக்டர் எழுதித் தந்தால் வேறு வேலைக்கு மாற்றுவார்கள். அவர் எழுதவில்லை. இரத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தவள் தமிழ்நாட்டுப் பிள்ளை.

“பூஞ்சை வளரும்போது சில புரதங்களைத் துப்பும், அண்ணா. எச்சில் மாதிரி. அதை எதிர்க்க உடம்பு ஒண்ணு தயார் பண்ணும். அதைத்தான் உங்க ரத்தத்துல தேடறோம்.”

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் அது விளங்கியது.

“ஒப்பிட்டுப் பாக்க ஆரோக்கியமானவங்க ரத்தமும் வேணும். யாராவது வருவாங்களா?”

பியோர்ண்டாலில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த நாலு பேரையும் கூட்டிப் போனேன். ஒருத்தனுக்கும் தடிமன், சளிகூட இல்லை. “என்ரை இரத்தத்தைப் பார்த்தால் உங்கடை மிசின் வெக்கப்படும், தங்கச்சி” என்றான் ஒருவன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் கூப்பிட்டாள். ஐந்து பேரின் இரத்தத்திலும் அது நிறைய இருந்தது.

“அவங்க எங்க வேலை செய்யறாங்க, அண்ணா?”

“என்னோடைதான். அதே நிலவறை.”

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். நான் அதை யோசிக்கவே இல்லை. வேலைக்கு மட்டம் போடாதவன்தான் என் கணக்கில் ஆரோக்கியமானவன்.

“அப்ப எனக்குப் பூஞ்சணம்தானே?”

“உங்க உடம்பு அதைப் பாத்திருக்கு. அவ்வளவுதான் சொல்லலாம். அவங்க உடம்பும் பாத்திருக்கு. ஆனா அவங்க இருமலையே.”

“ஒரே சுவரை உடைச்ச ஆக்கள். வேறை என்ன சாட்சி வேணும்?”

“அதுதான் பிரச்சினை. நிலவறைப் பக்கமே போகாதவங்க யாராவது கிடைப்பாங்களா?”

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் உடைக்கிறவர்கள், துடைக்கிறவர்கள், சுமக்கிறவர்கள்.

“உங்கடை இரத்தத்தைப் பாருங்கோவன்” என்றேன் எரிச்சலில்.

“முதல்லயே பாத்துட்டேன். ஒண்ணுமில்ல. ஒரு ஆள் பத்தாது.”

டொக்டர் முடிவைப் படித்துவிட்டு, பூஞ்சணத்தோடு பழகியவன் என்று மட்டும் எழுதினார். நோயாளி என்று எழுதவில்லை. திங்கட்கிழமை நிலவறைக்குத் திரும்பினேன். இரத்தத்தைப் பற்றிப் பீற்றியவன் முகமூடியை நீட்டினான்.

“எனக்கும் இருக்காம் எண்டு சொன்னனி. எப்ப மச்சான் இருமல் தொடங்கும்?”

அதை நான் அவளிடம் கேட்கவில்லை. சம்மட்டியை எடுத்தேன்.