வேல்விழியின் காதுகுத்துப் பேனர்

வல்லம் வடகாலில் காதுகுத்து என்றால் தெருமுனையில் பேனர் நின்றாக வேண்டும், அதன் நடுவில் பிள்ளையின் முகம் பெரிதாகச் சிரிக்க வேண்டும். ஆனால் சசிரேகாவின் மகள் வேல்விழிக்குப் பேனரே கூடாது என்றாள் மாமியார் லீலா. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"வாலாஜாபாத்ல ஆசாரி கடைல கமுக்கமா குத்திகினு வந்துடலாம். வயித்துல புள்ளய வெச்சிகினு நைட் ஷிஃப்ட் போனே இல்ல, அதான் இப்டி."

பிரசவ வார்டிலிருந்தே இதே பாட்டுதான். சசிரேகாவும் அதை நம்பித் தொலைத்து, தன்னையே திட்டிக்கொண்டு அழுதவள்தான். டாக்டர் ஜாஸ்மின்தான் புரியவைத்தார். செல் இரண்டாகப் பிரியும்போது ஜோடியாக நிற்கும் குரோமோசோம்களை இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய இழைகள் பிடித்துக்கொள்ளுமாம். ஒன்று பிடிபடாவிட்டாலும் 'பொறு' என்று உள்ளேயே தடை விழுமாம்.

"எங்க கம்பெனி லைன்ல கயிறு இழுக்கறா மாதிரி மேடம். ஒரு போல்ட் ஏறலன்னா கயித்த இழுத்துடுவோம், மொத்த லைனும் நிக்கும்."

"அதேதான். கருமுட்டையில அந்தக் காவல் கொஞ்சம் தளர்வு. சில சமயம் ஜோடி பிரியாம ஒரே பக்கம் போயிடும். குழந்தைக்கு ஒண்ணு கூடுதலா வந்துடும். நைட் ஷிஃப்டால இல்லம்மா. யார் தப்பும் இல்ல."

யார் தப்பும் இல்லை என்றான பிறகு எதற்கு ஒளிக்க வேண்டும்?

"செல்லு பிரியறப்போ நடந்தது அத்தே. நீங்களும் தடுக்க முடியாது, நானும் தடுக்க முடியாது. பேனர் வெச்சே தீருவேன்."

கணவன் தசரதன் பேனருக்குத் தலையாட்டினான். அச்சடித்துக் கட்டியதும் அவனே. காதுகுத்தன்று காலை தெருமுனைக்கு வந்த சசிரேகாவுக்கு நெஞ்சு கொதித்தது. பேனரில் வேல்விழியின் பெயர் இருந்தது, முகம் இல்லை. நெட்டில் எடுத்த யாரோ ஒரு கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நல்லவனாக அவன் கண்டுபிடித்த வழி! வெட்கங்கெட்டவன்.

பந்தலிலிருந்து கத்தியை எடுத்துவந்து அந்த முகத்தை வெட்டி எறிந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஓட்டை வழியாக மகளைத் தூக்கிக் காட்டினாள். வந்த சொந்தமெல்லாம் அப்படியே நின்றது. லீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதான் என் பொண்ணு! போட்டோ எடுக்கறவங்க எடுத்துக்கோங்க!"

ஸ்டூல் ஆடியது. தசரதன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான், குனிந்த தலையோடு.

"கீழ இன்னாய்யா பாக்கறே? மேல பாரு. உன் பொண்ணு சிரிக்கறா."