சாவியைத் திருகியவர்

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளுக்கு அவள் ‘வேன் மிஸ்’. இதைக் கேட்டதும் ‘அட, பொம்பளையா?’ என்று வாயைப் பிளப்பவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. ஆமாம், பொம்பளைதான். பல வருஷமாகச் சின்னப் பெட்ரோல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள், ஒரு கீறல் கிடையாது. போன மாதம்தான் அதைத் தள்ளிவிட்டு, நகையையும் விற்று, பெரிய டீசல் வேன் வாங்கினாள். கதவு திறப்பது, மூக்கைத் துடைப்பது, சண்டையை விலக்குவது எல்லாம் என் வேலை.

அன்று பள்ளி விடுவதற்கு முன் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். வண்டிதான் மாறியிருந்தது, வாய் மாறவில்லை. “பெட்ரோல் ஃபுல் பண்ணுங்க” என்றாள். பங்க் ஊழியரும் போட்டுவிட்டார். சாவியை நுழைத்த பிறகுதான் அக்காவுக்குச் சுரீர் என்றது. உருவிக்கொண்டு கீழே குதித்தாள்.

“பெட்ரோல் போட்டுட்டேன்டி! ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தள்ளணும், இறங்கு.”

பின்னால் ஒரே ஹாரன். ஒருத்தர் கண்ணாடியை இறக்கி, “இதுக்குத்தான் லேடீஸ் கையில வண்டியக் குடுக்கக் கூடாது” என்றார். ஹாரன் அடிக்கிற கை ஒரு தள்ளு தள்ளினால் தேய்ந்தா போய்விடும்? கடைசியில் பங்க் ஊழியரும் நாங்களும்தான் மூச்சுமுட்டத் தள்ளி, காற்றடிக்கும் மூலையில் நிறுத்தினோம். அக்கா இன்னொரு வேன்காரரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை ஏற்றச் சொன்னாள். பள்ளிக்குச் சொன்னாள். மெக்கானிக்கிடம் சொன்னாள். “சாவியத் தொடாதீங்கம்மா. டேங்க்கக் காலி பண்ணிக் கழுவினாப் போதும், வந்துட்டேன்” என்றார் அவர். தப்புச் செய்த ஒருத்தி இதற்கு மேல் என்னதான் செய்ய வேண்டும்?

அக்கா அத்தானுக்கும் போன் போட்டிருந்தாள். மெக்கானிக்குக்கு முன்னால் அவர்தான் வந்து குதித்தார். துணிக்கடை சூப்பர்வைசர். இஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் தெரியாது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்.

“இதுக்குப் போயி ஊரையே கூட்டுவியா? டேங்க்ல பழைய டீசல் கிடக்குல்ல, கலந்துடும்.”

“வேணாங்க. மெக்கானிக் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“அவன் அப்படித்தான் சொல்லுவான். நகரு.”

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையை விலக்கிவிட்டு அவர் ஏறினார். தன் கொத்தில் இருந்த மாற்றுச் சாவியைப் போட்டுத் திருகினார். இஞ்சின் பிடித்தது. “பாத்தியா?” என்று ஒரு சிரிப்பு. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பங்க் வாசலைத் தாண்டியதும் வண்டி கடகடவென்று உதறி நின்றுவிட்டது.

மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்த்தார். இஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்ப் அரைபட்டு, இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிருந்தது. “ஸ்டார்ட் பண்ணாம இருந்திருந்தா சீக்கிரமே குடுத்திருப்பேன்மா. இப்ப எப்பன்னு சொல்ல முடியாது.” வேன் ஓடாவிட்டால் பெற்றவர்கள், எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டர் முதல் எல்லோரும், வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப் போன பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. அக்காவின் முகம் செத்துப்போனது.

அத்தான் ஷெட் வாசலில் நின்று அவர் அம்மாவுக்குப் போன் போட்டார். “ஆமாம்மா, உன் மருமக பெட்ரோலப் போட்டு இஞ்சினையே காலி பண்ணிட்டா.”

அடப்பாவி! நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அந்தப் போனை வாங்கிக்கொண்டாள்.

“அத்தே, பெட்ரோல் போட்டது நான்தான். அது என் தப்பு. ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு கதவப் பிடிச்சுட்டு நின்னேன். என் கையத் தள்ளிட்டு ஸ்டார்ட் பண்ணது உங்க பிள்ளை. இப்ப ஒவ்வொரு வீடாப் போயி நான் பதில் சொல்லணும். அவரும் வர்றாரு. என் தப்ப நான் சொல்றேன், அவரோடத அவரு சொல்லட்டும்.”

போனை அத்தான் கையில் வைத்துவிட்டு, அவருடைய பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“எடுங்க. முதல்ல அந்த இன்ஸ்பெக்டர் வீடு.”