மின்மினி பார்த்த பச்சை விளக்கு

மின்மினி என்பது பட்டப்பெயர். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன். குடியிருப்பது அக்கா வீட்டு மாடி அறையில். ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா பிள்ளைகள் உடைத்த பொம்மைக் கார்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் மூன்றாவது மேசை அவனுடையது.

தண்ணீர் மீட்டரின் அளவைக் கம்பி இல்லாமல் அனுப்பும் சின்னப் பெட்டிகளை நாங்கள் செய்கிறோம். உள்ளே விரல் அகலத்தில் ஒரு வைஃபை கார்டு. அதன் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு. நிலையாக எரிந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது. இடையிடையே வெட்டினால் தகவல் போகிறது. அணைந்தே கிடந்தால் கார்டு செத்தது. கணினியில் சோதித்தால் பெட்டிக்கு ஒரு நிமிடம். மின்மினிக்கு ஒரு பார்வை போதும். "இது ஓகே. இது கிடக்கட்டும்" என்பான். பிறகு கணினியும் அதையே சொல்லும்.

எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து பஸ் பிடித்து மின்னணுவியல் படித்தவன். மேலாளரோ கூடத்துக்குள் நுழைந்ததும், "மின்மினி எங்கப்பா?" என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கூடத்தின் பொறுப்பாளர் பதவி காலியானது. வெள்ளிக்கிழமை முடிவு. "எனக்குத்தான்" என்று அப்பாவிடம் போனில் சொல்லியும்விட்டேன்.

அந்த வாரம் வேறொரு கம்பெனியின் கார்டு போட்ட அறுபது பெட்டிகள் சோதனைக்கு வந்தன. அன்று காலை மின்மினி தன் அக்கா மகனைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தான். இதுதான் சமயம். கண் வித்தை எதற்கு, படித்தவன் எழுதிய தாள் போதாதா? 'எரிந்தால் தேறியது, அணைந்தால் தேறாதது' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். வேகத்திலும் அவனை மிஞ்ச வேண்டுமே. கணினிச் சோதனையை விட்டுவிட்டேன்.

அரை மணியில் வேலை முடிந்தது. ஒன்பது தேறின. ஐம்பத்தொன்று அணைந்து கிடந்தன.

மேலாளர் தலையில் கை வைத்தார். "கார்டு மொத்தத்தையும் அந்தக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடலாம். லெட்டர் அடிக்கச் சொல்றேன்."

பதினொரு மணிக்கு வந்த மின்மினி, தேறாத தட்டின் முன் குனிந்தான்.

"சார், இதெல்லாம் உயிரோட இருக்கு."

"விளக்கே எரியலை. உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"நல்லாப் பாருங்க. பழைய கார்டு எரிஞ்சுகிட்டே இருந்து, தகவல் போறப்ப அணைஞ்சு அணைஞ்சு வெட்டும். இது அணைஞ்சே இருந்து, எரிஞ்சு எரிஞ்சு வெட்டுது. மாத்தி எரியுது சார்."

பக்கத்து மேசையில் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "அப்போ நம்ம பட்டதாரி செத்ததுக்கெல்லாம் பாஸ் போட்டுட்டு, உசுரோட இருக்கறதைச் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டாரா?"

ஒரு பெட்டியைக் கணினியில் மாட்டினேன். இணைப்பு இருந்தது. இன்னொன்றிலும் இருந்தது. நான் பாஸ் போட்ட ஒன்பதில் ஒன்றுகூட மூச்சு விடவில்லை. புது கார்டின் விளக்கு தலைகீழ் என்று அதன் கையேட்டின் முப்பத்தேழாம் பக்கத்தில் அச்சடித்தே இருந்தது. அதுவரை நான் அதைத் திறக்கவே இல்லை.

'கையேட்டில் பார்த்தேன்' என்று நானே போய்ச் சொன்னால் பதவி பிழைக்கும். மேலாளர் அறை வரை அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். எனக்கு முன்னாலேயே அங்கே மின்மினி நிற்கிறான்.

"லெட்டர் வேணாம் சார். விளக்குதான் மாத்தி எரியுது. தாள் எழுதினவர் மேல தப்பில்ல, கார்டு புதுசு."

"யாரு பார்த்தது இதை?"

மின்மினி தலையைச் சொறிந்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இவன்தான் சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லை வாயிலிருந்து பிடுங்க, நான்கு வருடப் படிப்பும் போதவில்லை.

வெள்ளிக்கிழமை பதவி அவனுக்குப் போயிற்று. அப்பா போன் செய்தார்.

"உனக்கு இல்லையா? பின்ன யாருக்குடா?"

"பன்னெண்டாவதே தேறாத ஒருத்தனுக்கு."

அப்பா பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர். எனக்காகக் கொதிப்பார் என்று காத்திருந்தேன்.

"தேறாமலே உன்னைத் தாண்டிட்டானா! அப்ப பெரிய கெட்டிக்காரன்தான். ஒரு நாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா, பார்க்கணும்."

சரி என்றேன். இன்றுவரை கூட்டிப் போகவில்லை.